ஜரீனா செய்யாத சூஜி கேக்

ஜரீனாவுக்குச் சமையல் வராது. கல்யாணமான புதிதில் அவள் வடித்த சோறு ஒரு நாள் கஞ்சியாக இருக்கும். மறுநாள் அரிசியாகவே இருக்கும். மீன் ஆணம் வைத்தால் மீன் ஒரு பக்கமும் குழம்பு ஒரு பக்கமும் கோபித்துக்கொண்டு நிற்கும். அதற்காக அவளைக் குறை சொல்வதும் நியாயமில்லை. நாலு வயதில் உம்மா மௌத்தாகிவிட, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வெங்காயக் கடை வைத்திருந்த வாப்பாதான் அவளை வளர்த்தார். காலையில் இடியப்பம், மத்தியானம் மலாய் நாசிச் சோறு, சாயங்காலம் மீ கோரேங் நூடுல்ஸ் என்று எல்லாமே இலையில் மடித்துக் கடையிலிருந்து வந்துவிடும். அதனால் அவளுக்கு நன்றாகச் சாப்பிடத் தெரியும். ஒரு வாய் எடுத்து வைத்ததுமே இது இன்ன கடைச் சாம்பார், இன்றைக்குப் புளி குறைச்சல் என்று சொல்லிவிடுவாள். அடுப்புப் பக்கம் போனால்தான் கையும் காலும் ஓடாது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் அதே கை பறக்கும்.

1954-ஆம் வருஷம், பத்தொன்பது வயதில், அவளை ரவூபுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. ஆள் நல்ல உயரம், அகலமான தோள், அதற்கேற்ற மீசை. பேச்சு மட்டும் ரொம்பக் குறைச்சல். கஞ்சியாய்ப் போன சோற்றையும் அரிசியாய் நின்ற சோற்றையும் அவர் ஒன்றுபோலவே சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். திட்டினாலாவது பரவாயில்லையே என்று ஜரீனா நினைத்துக்கொள்வாள்.

இருவரும் ஓவன் ரோட்டுப் பக்கம் எஸ்.ஐ.டி. என்கிற அரசாங்க வாரியம் கட்டிய அடுக்கு வீடு ஒன்றில் இரண்டாம் மாடியில் குடியேறினார்கள். குடியேறி இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரவூப் சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போய்விட்டு, ஒரு தகரப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முன்பக்கம் கதவு, உள்ளே இரண்டு கம்பித் தட்டு. அதை மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் தூக்கி வைத்தார்.

"என்ன மச்சான் இது?" என்று கேட்டாள் ஜரீனா.

"ஓவன்."

"எதுக்கு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தார். மஞ்சள் கரு ஒரு கிண்ணத்தில், வெள்ளைக் கரு இன்னொரு கிண்ணத்தில். ஒரு சொட்டு மஞ்சள்கூட வெள்ளையில் விழவில்லை. ஜரீனா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. துறைமுக வேலைக்கு வருவதற்கு முன்னால் ரவூப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ஒரு கப்பலில் மூன்று வருஷம் அடுப்படி வேலை பார்த்திருக்கிறார். அந்தக் கப்பலில் ரொட்டியும் கேக்கும் போட ஒரு ஹைனான் சீனர் இருந்தார். மாவு பிசைவதும் முட்டை அடிப்பதும் ரவூபின் பங்கு. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை கிராணி என்றுதான் சொன்னார்களே தவிர, கேக் செய்வார் என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பெண் கொடுப்பார்களா என்று அவருக்கே சந்தேகம் இருந்திருக்கும்.

அன்றைக்கு அவர் செய்தது சூஜி கேக். ரவையைத்தான் இங்கே சூஜி என்பார்கள். முதல் நாளே ரவையை வெண்ணெயில் குழைத்து மூடி வைத்து, மறுநாள் முட்டையும் சர்க்கரையும் பொடித்த பாதாமும் சேர்த்துச் சுடுவது. முந்தின ராத்திரி அவள் தூங்கிய பிறகு அவர் ரவையைக் குழைத்து வைத்திருந்தார். அது வேகும்போது வந்த வாசனையில் ஜரீனாவுக்குத் தையலே ஓடவில்லை. ஆறுவதற்குள் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டாள். மேல் தோல் மொறுமொறுவென்று உடைந்தது. உள்ளே மெத்தென்று ஈரமாக இருந்தது. பாதாம் அங்கங்கே பல்லில் பட்டது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் ரவூப். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளிடம் ஒரு விஷயத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னொரு துண்டு வேணும்," என்றாள் ஜரீனா.

அதன் பிறகு அந்த வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் என்றால் கேக்தான். அரை நாள் வேலை முடிந்து ரவூப் வந்ததும் ஜன்னலைச் சாத்துவார்கள். முட்டை அடிக்கிற சத்தம் வெளியே கேட்டுவிடக்கூடாதென்று ரீடிஃப்யூஷன் ரேடியோப் பெட்டியை உரக்க வைப்பார்கள். கிடங்கில் அவருக்குக் கீழே மூட்டை தூக்குகிற ஆட்கள் நாற்பது பேர். அவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவருடைய பயம்.

அடுத்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு ரவூபின் லாத்தா, அதாவது மூத்த அக்கா, பதுருன்னிசா தஞ்சோங் பகாரிலிருந்து வந்தார். பதுருன்னிசா என்றால் ஜரீனாவுக்குப் பயம். முந்தின தடவை வந்தபோது பிரியாணியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இதைச் செஞ்சவளுக்கு அரிசி மேல என்ன கோபம்?" என்று கேட்டவர் அவர். இந்தத் தடவை தட்டில் இருந்த கேக்கை ஒரு கடி கடித்தார். மெல்வதை நிறுத்தினார். மறுபடியும் கடித்தார்.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

"கடையில இல்ல லாத்தா. வீட்டுல செஞ்சது," என்றார் ரவூப்.

"வீட்டுலயா? யாரு செஞ்சா?"

ரவூப் மனைவியைப் பார்த்தார். நான்தான் என்று சொன்னால் லாத்தா முதலில் தன்னைப் பிடித்துக்கொள்வார், பிறகு, அடுப்படியைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு நீ என்ன செய்கிறாய் என்று ஜரீனாவையும் பிடித்துக்கொள்வார். பெருநாள் அன்றைக்கு வீடு ரெண்டாகிவிடும்.

"ஜரீனாதான்," என்றார்.

ஜரீனா மறுத்திருப்பாள். ஆனால் அவள் வாய் நிறைய கேக் இருந்தது. அவள் மென்று விழுங்குவதற்குள் பதுருன்னிசா எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தடவி, "அடியே, இந்தக் கையை வச்சுக்கிட்டா இவ்வளவு நாளா சோத்தைக் கெடுத்தே?" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டில் அவர் அவளைத் தொட்டுப் பேசியது அன்றைக்குத்தான். ஜரீனா வாயை மூடிக்கொண்டாள்.

ஆரம்பித்தது அப்படித்தான். அடுத்த பெருநாளைக்குப் பதுருன்னிசா தன் வீட்டுக்கும் ஒரு கேக் கேட்டார். அதற்கடுத்த வருஷம் மகள் கல்யாணத்துக்கு ஆறு கேக் கேட்டார். கல்யாணம் முடிந்ததும் ஜரீனாவுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார். ரவூப் அந்தச் சேலையைத் தடவிப் பார்த்து, "நல்ல சேலை," என்று மட்டும் சொன்னார்.

1957-இல் பக்கத்து வீட்டுக்கு லீலாவும் அவள் கணவர் சேதுபதியும் குடிவந்தார்கள். சேதுபதி தபால் ஆபீசில் வேலை. லீலாவுக்கு ஒரு செய்தி கிடைத்தால் அது சாயங்காலத்துக்குள் நாலு மாடியும் ஏறி இறங்கிவிடும். முதல் தீபாவளிக்கு அவள் முறுக்கும் அதிரசமும் தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாதே என்று ஜரீனா அதில் நாலு துண்டு கேக்கை வைத்து அனுப்பினாள். அவ்வளவுதான். ஜரீனாவின் கைப்பக்குவம் என்பது அந்த அடுக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகிவிட்டது. ஓவன் ரோட்டில் ஓவன் இருப்பது ஒரே வீட்டில்தான் என்று சேதுபதி வேடிக்கையாகச் சொல்வார்.

வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. சீனப் புத்தாண்டு வந்தால் அன்னாசியைத் துருவிப் பாகு காய்ச்சி, குட்டி பிஸ்கட்டின் மேல் வைத்துச் சுடுகிற டார்ட். பெருநாளைக்கும் தீபாவளிக்கும் சூஜி கேக். டுரியான் காலத்தில் ஒரு தடவை ரவூப் டுரியான் சுளையை மசித்துக் கேக்கில் போட்டார். சாப்பிட அருமையாக இருந்தது, ஆனால் மூன்று நாளைக்கு வீட்டுக்குள் யாரும் வரவில்லை. மழைக்காலத்தில் சும்மா இருக்கிற சனிக்கிழமைகளில் பாவுலு. பித்தளை அச்சில் மாவை ஊற்றி, மேலேயும் கீழேயும் கரி நெருப்பு வைத்துச் சுடுகிற குட்டிக் குட்டி முட்டைக் கேக் அது. ஜரீனா தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்துக்கொண்டு, ஒரு ஜாக்கெட் முடிந்தால் ரெண்டு பாவுலு என்று கணக்கு வைத்துத் தின்பாள்.

புகழ் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகின பிறகு, உண்மையைச் சொல்வதானால், பிடித்தும் போய்விட்டது. யாராவது புகழ்ந்தால் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, கண்ணளவுதான்," என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். லீலா ஒரு நாள் பென்சிலும் நோட்டுமாக வந்து உட்கார்ந்து செய்முறை கேட்டபோது மட்டும் திண்டாடிப் போனாள். வாய்க்கு வந்ததைச் சொன்னாள். லீலா அதை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டு போய்ச் செய்தாள். அந்தக் கேக்கைக் கத்தியால் வெட்ட முடியாமல் சேதுபதி சுத்தியல் தேடியதாகக் கேள்வி. ஜரீனாக்கா ஏதோ ஒரு சாமானை மறைக்கிறார் என்று லீலா முடிவு கட்டிவிட்டாள்.

இதற்கிடையில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஜரீனாவின் மகள் நூர்ஜஹானுக்கு அப்போது ஐந்து வயது. கேக் விஷயத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் கேக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு நாள் லீலா அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "உங்க வீட்டுல சனிக்கிழமை ஆனா ரேடியோ ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டாள்.

"சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு," என்றாள் குழந்தை.

"என்ன சத்தம்?"

"வாப்பா அடிக்கிற சத்தம். எங்க வாப்பா ரொம்ப நேரம் அடிப்பாங்க."

லீலாவுக்குக் கை நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே ஜரீனாவைப் படிக்கட்டில் மறித்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, எங்கிட்ட மறைக்காதீங்க லா. அண்ணன் உங்கள அடிக்கிறாரா?" என்று கேட்டாள்.

ஜரீனாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவரா? அவரு கொசுவையே வெளிய போன்னு கெஞ்சுற ஆளு," என்றாள். ஆனால் சிரிப்பதைப் பார்த்து லீலா நம்பவில்லை. அடி வாங்குகிறவள் வெளியே சிரிக்கத்தானே செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு சேதுபதி ரவூபைப் படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். மூன்றாம் மாடிச் சீனக் கிழவர்கூட ஒரு மாதிரி பார்த்தார்.

"சேதுபதிக்கு எம்மேல என்ன வருத்தம்?" என்று ரவூப் பல தடவை கேட்டார். ஜரீனாவுக்குச் சொல்ல மனம் வரவில்லை. சொன்னால், சந்தேகத்தைத் தீர்க்க லீலாவிடம் கேக் ரகசியத்தையும் உடைக்க வேண்டியிருக்கும். அவள் பேச்சை மாற்றினாள்.

1964-இல் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. கடைகளில் முட்டைக்கும் வெண்ணெய்க்கும் அடிபிடி. ரவூப் நோன்பு வைத்துக்கொண்டே வேலையிலிருந்து வந்து, டார்ட்டும் கேக்குமாகச் சுட்டுத் தள்ளினார். நோன்பு நேரத்தில் ருசி பார்க்க முடியாது. ஜரீனாவும் நோன்பு. ஆகவே அவள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு லீலா வீட்டுக்குப் போவாள்; லீலா தின்றுவிட்டுச் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து ரவூபிடம் ஒப்பிப்பாள்.

பெருநாள் அன்று வீடு நிறைய ஆட்கள். பதுருன்னிசா நாற்காலியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். லீலா குடும்பம், மேல்மாடி ஆட்கள், ஜரீனாவிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஜரீனா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துப் புகழை வாங்கிக்கொண்டிருந்தாள். ரவூப் ரோஜா சர்பத் தட்டோடு அடுப்படிக் கதவருகே நின்றார்.

"இந்த வருஷம் பாதாமை முன்ன மாதிரி மாவாப் பொடிக்கல போல," என்றார் பதுருன்னிசா, ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து. "கொஞ்சம் கொரகொரப்பா விட்டிருக்கா. அதுதான் இவ்வளவு நல்லா இருக்கு."

ஜரீனா தற்செயலாகக் கதவுப் பக்கம் பார்த்தாள். ரவூபின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்திருந்தது. ஆமாம், ஆமாம் என்று அவர் தலை இரண்டு தடவை ஆடியது. மூன்றாவது தடவை ஆடுவதற்குள் நினைவு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சர்பத் தட்டோடு உள்ளே போய்விட்டார்.

அவளுக்கு அதற்கப்புறம் வந்தவர்கள் சொன்னது எதுவுமே காதில் ஏறவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அவர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றாள்.

"மச்சான், உங்களுக்கு வருத்தமா இல்லியா?"

"எதுக்கு?"

"எல்லாரும் என்னைச் சொல்றாங்கள்ல."

"நல்லா இருக்குன்னுதானே சொல்றாங்க." அவர் இரண்டு தட்டுகளைக் கழுவி வைத்தார். பிறகு, "அந்தப் பாதாமை நாலு விதமாப் பொடிச்சுப் பாத்தேன், ஜரீனா. நாலாவது தடவைதான் சரியா வந்துச்சு. லாத்தா அதைச் சரியாக் கண்டுபிடிச்சதும், எப்படிச் செஞ்சேன்னு சொல்லணும்போல இருந்துச்சு. அவ்வளவுதான்," என்றார்.

அவர் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. சேலைத் தலைப்பால் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பட்டு என்பதுகூட நினைவில்லை.

மறுவாரம் லீலா ஓடி வந்தாள். சமூக நிலையத்தில் மாதர் பிரிவு ஒரு சமையல் செயல்விளக்கம் வைக்கிறார்களாம். சூஜி கேக் செய்து காட்ட ஜரீனாவின் பெயரைக் கொடுத்துவிட்டாளாம்.

"என்னைக் கேக்காமலா குடுத்தே?"

"கேட்டா நீங்க வேணாம்பீங்க லா. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை. நோட்டீஸ் ஒட்டியாச்சு."

ஜரீனாவுக்குத் தூக்கம் போயிற்று. ரவூப்தான் தைரியம் சொன்னார். "மூணு வாரம் இருக்கு. செஞ்சு பாரு. வந்துரும்." அவள் செய்தாள். முதல் கேக் நடுவில் குழி விழுந்து குளம் மாதிரி ஆயிற்று. இரண்டாவது கரிந்தது. மூன்றாவதில் சர்க்கரை போட மறந்துபோனாள். நூர்ஜஹான் எதையும் வீணாக்காமல் தின்றாள். ஐந்தாவது கேக் வெளியே வந்தபோது மூவரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அது கேக்காகவே இருந்தது. ரவூப் ஒரு துண்டு தின்று பார்த்து, "யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார். ஜரீனா ஒரு துண்டு தின்றாள். ஒன்றும் சொல்ல முடியாதுதான். ஆனால் அவர் செய்வது மாதிரி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஊருக்கு அது தெரியப்போவதில்லை. காரியம் நடந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை சமூக நிலையத்தில் நாற்பது பெண்களுக்குக் குறையாமல் கூடிவிட்டார்கள். மூலையில் டெலிவிஷன் பெட்டி பூட்டிக் கிடந்தது. மேசைப்பந்து மேசையை நடுவில் இழுத்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். பதுருன்னிசா தஞ்சோங் பகாரிலிருந்து இரண்டு உறவுக்காரப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ரவூப் தகர ஓவனைச் சுமந்துகொண்டு வந்து வைத்து, மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்கும் பின்னால் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். மொத்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான் ஆண்.

ஜரீனா ரவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து காட்டினாள். "நேத்தே வெண்ணெயில குழைச்சு வச்சது," என்றாள். முட்டையை உடைக்க எடுத்தாள்.

மூன்றாவது வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். "ஏன் நேத்தே ஊறப் போடணும்? இப்பப் போட்டா ஆகாதா?"

ஜரீனாவுக்கு எப்படிச் செய்வது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. அது எப்போதும் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தாள். கூடத்தின் கடைசியில் ரவூப் ஸ்டூலின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார். அந்தக் கேள்விக்கான பதில் அவர் உதட்டில் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

ஜரீனா முட்டையைக் கீழே வைத்தாள்.

"அதை என்னால சொல்ல முடியாது," என்றாள். "இந்தக் கேக்கை நான் செய்யுறதில்ல. செய்யுறவரு அங்க பின்னால உக்காந்திருக்காரு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீசையோடு ஒரு பெரிய ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கூடம் கொல்லென்று சிரித்தது. நல்ல தமாஷ் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"என்னடி விளையாட்டு இது?" என்றார் பதுருன்னிசா.

"விளையாட்டு இல்ல மதினி. ஒம்பது வருஷமா நீங்க சாப்பிட்டது பூரா உங்க தம்பி செஞ்சது. நீங்க ஏசுவீங்கன்னு பயந்து நாங்க ரெண்டு பேருமே சொல்லல. எனக்குச் சோறு பொங்கவே இன்னும் ஒழுங்கா வராது."

சிரிப்பு நின்றது. ஜரீனாவின் காது இரண்டும் சுட்டன. ஆனாலும் அவள் குரல் தடுமாறவில்லை. "இங்க வாங்க மச்சான்," என்று கூப்பிட்டாள்.

ரவூப் எழுந்தார். ஓடிப் போய்விடுவாரோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவர் வாசலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி போட்ட பெண்ணைத் தேடிப் பிடித்து அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ரவைங்கிறது கோதுமையோட உடைஞ்ச மணி. அது முதல்ல வெண்ணெயக் குடிக்கணும். நேரம் குடுத்து நிதானமாக் குடிக்க விடணும். குடிக்காம ஓவனுக்குள்ள போச்சுன்னா, மாவுல இருக்குற ஈரத்தை எல்லாம் உறிஞ்சிரும். அப்புறம் கேக்கு காஞ்சு, மண்ணு மாதிரி நாக்குல நெருடும்."

பேசிக்கொண்டே முட்டைகளை உடைத்தார். வெள்ளைக் கருவை அடிக்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் டக் டக் என்று கேட்ட சத்தம் வேகமெடுத்து ஒரே இரைச்சலாயிற்று. கிண்ணத்தில் வெண்மை பொங்கி எழுந்தது. அவர் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு துளி விழவில்லை. நாற்பது பெண்களும் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். இனி யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

லீலா மட்டும் திடீரென்று எழுந்து நின்றாள். "அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை அடிச்சது…"

"முட்டை," என்றாள் ஜரீனா.

லீலா முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேள்விமேல் கேள்வி வந்தது. ரவூப் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பாதாமைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினார். அதனால் கேக் ஓவனுக்குள் போகவே நேரமாகிவிட்டது. ஆனாலும் ஒருவர்கூடக் கிளம்பவில்லை.

கேக் வந்ததும் முதல் துண்டைப் பதுருன்னிசாவுக்குக் கொடுத்தார்கள். அவர் நிதானமாகத் தின்று முடித்தார். தம்பியைப் பார்த்தார். ஜரீனாவைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பட்டுச் சேலை?" என்று கேட்டார்.

"உங்க தம்பிக்குச் சேர வேண்டியதுதான் மதினி," என்றாள் ஜரீனா.

"அவனுக்கு அந்தக் கலரு எடுக்காது. நீயே வச்சுக்க," என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டினார். ஏசப்போகிறார் என்று பயந்து ஒன்பது வருஷம் கட்டிக்காத்த ரகசியம் அவ்வளவில் முடிந்துபோயிற்று.

மறுநாள் காலையில் சேதுபதி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கதவைத் தட்டினார். ரவூப் அவரை உட்கார வைத்தார். காப்பி குடித்தார்கள். போகும்போது, "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க அண்ணே," என்றார். அதன் அர்த்தம் என்ன என்று ரவூப் கேட்டபோதுதான் ஜரீனா முழுக்கதையையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

கிடங்கிலும் செய்தி போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் கேக் கிராணி என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். இரண்டாவது வாரம் ஒரு மூட்டைக்காரர் தனியாக வந்து, மகளுக்குப் பிறந்த நாள் வருகிறது என்று தலையைச் சொறிந்தார். அந்த மாதம் முடிவதற்குள் கேலி செய்ய அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை.

சமூக நிலையத்தில் ரவூபை வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மாதர் பிரிவின் பதிவேட்டில் ஆசிரியை என்றுதான் அச்சடித்திருந்தது. அதில் திருமதி ரவூப் என்று எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவரும் போட்டார். எட்டு சனிக்கிழமை எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது என்றார். அந்த எட்டு வாரத்தில் லீலா சரியான சூஜி கேக் செய்யக் கற்றுக்கொண்டாள். பிறகு அவளும் ஒன்றும் மறைக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வருஷப் பெருநாளைக்கு வந்தவர்கள் எல்லோரும் நேராக ரவூபிடம் போனார்கள். ஜரீனா சர்பத் ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவள் பக்கம் திரும்பாதது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு பெண் வந்து ஜாக்கெட்டின் கழுத்துத் தையலைப் பிடித்துப் பார்த்து, இதை எப்படி இவ்வளவு வளைவாகத் தைத்தாய் என்று கேட்டபோது, ஏன், எப்படி என்று ரெண்டையுமே அவளால் சொல்ல முடிந்தது. அந்தப் பெண் போன பிறகும் அவளுக்கு அந்தச் சந்தோஷம் நீடித்தது.

1967-இல் ரவூப் ஒரு கேஸ் ஓவன் வாங்கினார். வெள்ளை எனாமல் பூசியது, முன்னால் கண்ணாடிக் கதவு. நாலு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். முதல் கேக்கை வைத்துவிட்டு ரவூபும் ஜரீனாவும் நூர்ஜஹானும் தரையில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கேக் ஒரு பக்கம் உயர்ந்து மறு பக்கம் சரிந்து வந்தது. ரவூப் அன்று முழுவதும் ஓவன் பக்கமே போகவில்லை. மறுநாள் காலையில் ஜரீனா ஒரு கோலிக்குண்டை ஓவனின் மேல் வைத்துப் பார்த்தாள். அது உருண்டு சுவர்ப் பக்கம் ஓடியது. தரைதான் சரிவு.

ஒரு அட்டையை மடித்து இடது காலுக்கு அடியில் சொருகினார்கள். அடுத்த கேக் மேசைப் பலகை மாதிரி மட்டமாக எழுந்தது. ஆறும்வரை யாருக்கும் பொறுமை இல்லை. சூட்டோடு பிய்த்து, விரலை ஊதிக்கொண்டே, தட்டைக்கூட எடுக்காமல் மூன்று பேரும் நின்றபடியே அதைத் தின்று தீர்த்தார்கள்.